டெல்ஹெசி என்று வாங்கிய பிச்சிர் சாம்பல் நிறமாகிவிட்டது: இனத்தை எப்படி உறுதி செய்வது?

வைகைக்கரை (மதுரை) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஐந்து மாதங்களுக்கு முன்பு சென்னை கொளத்தூரில் ஒரு கடையில், ‘டெல்ஹெசி பிச்சிர்’ (பிச்சிர் என்பது ஆப்பிரிக்க நன்னீர் மீன், டெல்ஹெசி அதில் ஓர் இனம்) என்று சொல்லி விற்ற 3 அங்குலக் குஞ்சு ஒன்றை வாங்கி, இரவுப் பேருந்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு மதுரைக்குக் கொண்டுவந்தேன். அதே கடையில் செனகாலஸ் என்ற இன்னொரு பிச்சிர் இனத்தின் குஞ்சுக்குச் சொன்ன விலையைப்போல மூன்று மடங்கு கொடுத்திருக்கிறேன் என்பதால்தான் இந்தக் கேள்வியே எழுகிறது. வாங்கியபோது அதன் உடலில் தலையிலிருந்து வால் வரை நீளவாக்கில் கரிய கோடுகள் தெளிவாகத் தெரிந்தன. வளர வளர அவை பட்டைகளாக மாறிவிடும் என்று கடைக்காரர் சொன்னார். இப்போது மீன் 6 அங்குலத்தைத் தாண்டிவிட்டது. பட்டைகள் வரவில்லை, இருந்த கோடுகளும் மங்கிவிட்டன. முதுகு முழுவதும் ஒரே சாம்பல் நிறமாகவும் வயிறு வெளிறியும் இருக்கிறது. முதுகிலுள்ள சிறுதுடுப்புகளைக் கைப்பேசியில் எடுத்த படத்தில் எண்ணிப் பார்த்தேன், எட்டு வருகிறது. இது உண்மையில் எந்த இனம்?

இன்னும் சில ஐயங்களும் உள்ளன. வாங்கிய புதிதில் தலைக்குப் பின்னால் இருபுறமும் இறகு போன்ற ஏதோ ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. கடைக்குத் தொலைபேசியில் கேட்டபோது அது பூஞ்சை என்றும், கல்லுப்பும் நீல மருந்தும் போடும்படியும் சொன்னார்கள். மருந்து கைவசம் இல்லாததால் உப்பு மட்டும் போட்டேன். சில வாரங்களில் அது மறைந்துவிட்டது. இரவில் மீன் திடீரென்று மேலே பாய்ந்து, ‘ப்ளக்’ என்ற ஒலியோடு காற்றை விழுங்கிவிட்டு இறங்குகிறது. தண்ணீரில் ஏதேனும் கோளாறா என்று அஞ்சுகிறேன். தொட்டி இரண்டரை அடி நீளமுள்ளது, அடியில் வண்ணக் கூழாங்கற்கள் போட்டிருக்கிறேன். உடன் இருந்த பன்னிரண்டு நியான் டெட்ரா என்ற சிறு மீன்களில் இப்போது நான்குதான் மிச்சம். இறந்த மீன் ஒன்றைக்கூட நான் கண்ணால் பார்க்கவில்லை. 5 அங்குல சக்கர் மீன் (கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசியைச் சுரண்டித் தின்னும் மீன்) ஒன்றும் இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

நீலத்தொட்டி (சென்னை) எழுதியது:

வணக்கம் ஐயா. நீங்கள் எழுதியதை வைத்தே சொல்லிவிடலாம், உங்களிடம் இருப்பது பெரும்பாலும் செனகாலஸ்தான். அதைச் சொல்வதற்கு நிறத்தைவிட, அந்தக் கோடுகள் ஓடிய திசையே போதுமானது. செனகாலஸ் குஞ்சுகளுக்கு உடலின் நீளவாக்கில் கரிய கோடுகள் இருந்து, வளரும்போது மங்கி, சாம்பலோ ஆலிவ் சாயலோ மட்டும் எஞ்சும். டெல்ஹெசிக்கு இருப்பவை முதுகிலிருந்து வயிற்றை நோக்கிக் குறுக்காக இறங்கும் கரும்பட்டைகள். அவை குஞ்சாக இருக்கும்போதே தெரியும், வளர்ந்த பின்பும் நிலைத்திருக்கும். நீளக்கோடு எந்த வயதிலும் குறுக்குப்பட்டையாக மாறுவதில்லை. கடைக்காரர் தெரிந்து சொன்னாரோ தெரியாமல் சொன்னாரோ, மொத்த வியாபாரியிடமிருந்து வந்த பையில் எழுதியிருந்த பெயரையே அவரும் திருப்பிச் சொல்லியிருக்கக்கூடும். இந்தத் தொழிலில் அது அன்றாடம் நடப்பது.

இனம் காண்பதில் நான் கடைப்பிடிக்கும் வரிசையைச் சொல்கிறேன். முதலில் வயிற்றுத் துடுப்புகள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அவை இல்லாமல், உடல் கயிறுபோல் மெலிந்து நீண்டிருந்தால் அது பிச்சிரே அன்று. அதே குடும்பத்தைச் சேர்ந்த கயிற்று மீன். கடைகளில் இரண்டையும் ‘டைனோசர் ஈல்’ என்று ஒரே பெயரில் விற்பவர்கள் உண்டு, இரண்டுமே விலாங்கு அல்ல என்பது வேறு விஷயம். அடுத்து, மீன் கண்ணாடியை ஒட்டிப் படுத்திருக்கும்போது பக்கவாட்டிலிருந்து வாயைப் பார்க்க வேண்டும். கீழ்த்தாடை மேல்தாடையைவிட முன்னே துருத்திக்கொண்டிருந்தால் அது எண்ட்லிசெரி, லப்ராடெய், காங்கிகஸ், நைல் நதியின் பிச்சிர் ஆகியவை அடங்கிய பெரிய இனங்களின் கூட்டம். மேல்தாடை சற்று முன்னே இருந்தாலோ இரண்டும் சமமாக இருந்தாலோ செனகாலஸ், டெல்ஹெசி, ஆர்னாட்டிபின்னிஸ், பால்மாஸ் முதலியவற்றின் கூட்டம். தாடையைப் பார்ப்பது வெறும் வகைப்பாட்டு ஆர்வத்துக்காக அல்ல. முதல் கூட்டத்தில் எண்ட்லிசெரி போன்றவை இரண்டு அடியைத் தாண்டக்கூடியவை. வீட்டுத் தொட்டியில் செனகாலஸ் ஓரடி அளவில் நின்றுவிடுகிறது. குஞ்சுப் பருவத்தில் நான்கு அங்குலத்தில் இரண்டையும் ஒரே மாதிரி நினைத்து வாங்குபவர், இரண்டு ஆண்டுகள் கழித்து எதை எதிர்கொள்ளப்போகிறார் என்பதைத் தாடைதான் முன்கூட்டிச் சொல்கிறது. இரண்டாவது கூட்டத்திலும் ஒரு விதிவிலக்கு உண்டு: ஆர்னாட்டிபின்னிஸ் இரண்டு அடிவரை வளரக்கூடியது. ஆனால் கருமையான உடலில் மஞ்சள் வலைப்பின்னல் போட்டதுபோன்ற அதன் கோலத்தை ஒருமுறை பார்த்தவர் வேறெதனோடும் குழப்பிக்கொள்ள மாட்டார்.

மூன்றாவதாகத்தான் சிறுதுடுப்புகளின் எண்ணிக்கை. செனகாலஸுக்கு 8 முதல் 11, டெல்ஹெசிக்கு 10 முதல் 13, எண்ட்லிசெரிக்கு 11 முதல் 14, பால்மாஸுக்கு 5 முதல் 9 என்பவை பொதுவாகச் சொல்லப்படும் எல்லைகள். உங்கள் மீனுக்கு எட்டு என்றால் டெல்ஹெசி என்ற பேச்சுக்கே இடமில்லை.

இறகு போன்றது பூஞ்சை அன்று, அவை புறச்செவுள்கள். தவளையின் தலைப்பிரட்டைக்கு இருப்பதுபோலப் பிச்சிர் குஞ்சுகளுக்கும் தலைக்குப் பின்னால் இருபுறமும் கிளைத்த செவுள்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வளரும்போது சுருங்கித் தாமாகவே மறைந்துவிடும். நீங்கள் உப்பு போடாவிட்டாலும் அவை மறைந்துதான் இருக்கும். மருந்து கைவசம் இல்லாமற்போனது நல்லதாயிற்று. பஞ்சுபோல் ஒழுங்கற்றுப் படர்ந்திருந்தால் பூஞ்சை. இருபுறமும் ஒரே அளவில், ஒரே வடிவில், குருத்தோலைபோல் ஒழுங்காகக் கிளைத்திருந்தால் புறச்செவுள். இந்த வேறுபாட்டை ஒருமுறை மனத்தில் பதித்துக்கொண்டால் போதும்.

எண்ட்லிசெரிக்காரன் (கோயம்புத்தூர்) எழுதியது:

நீலத்தொட்டி அவர்கள் சொன்ன முடிவை ஏற்கிறேன், ஆனால் அந்த எட்டை நம்பிவிட்டதை ஏற்க இயலவில்லை. பிச்சிர் அமைதியாகப் படுத்திருக்கும்போது சிறுதுடுப்புகள் முதுகோடு ஒட்டி மடிந்திருக்கும். அந்த நிலையில் எடுத்த படத்தில் எண்ணினால் முன்னால் இருக்கும் ஒன்றிரண்டு தோலின் மேடுபோலத்தான் தெரியும். வாலருகே இருப்பவையோ வால் துடுப்போடு சேர்ந்து ஒன்றாகத் தோன்றும். ஒரு நாள் பட்டினி போட்டு, மறுநாள் இரவு விளக்கை அணைத்துவிட்டு ஓர் இறால் துண்டை உள்ளே விடுங்கள். வாசனை எட்டியதும் மீன் கிளர்ச்சியடைந்து, முதுகின்மேல் வரிசையாகக் கொடி ஏற்றியதுபோல அத்தனை சிறுதுடுப்புகளையும் நிமிர்த்தும். ஒவ்வொன்றிலும் முன்னால் ஒரு முள், அதன் பின்னால் ஒரு சிறு சவ்வு. முள்ளை மட்டும் எண்ணுங்கள். உடன் வாழும் மீன்கள் கடித்ததில் ஒன்றிரண்டு குறைந்திருக்கவும் கூடும், எனவே இடைவெளி சீராக இருக்கிறதா என்பதையும் பாருங்கள். எண்ணிக்கை பத்து அல்லது பதினொன்று என்று வந்தால் அது செனகாலஸ், டெல்ஹெசி இரண்டுக்கும் பொதுவான எல்லை. அப்போது எண்ணிக்கை எதையும் நிரூபிக்காது, கோடுகளின் திசைதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

நான் இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம், இப்போது தென்கிழக்கு ஆசியப் பண்ணைகளிலிருந்து வரும் மீன்களில் கலப்பினங்களும், உடல் குட்டையாக இருக்கும்படி தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்த வகைகளும் இருக்கின்றன. உடல் குட்டையான மீனில் விகிதங்களை வைத்து எதையும் அளக்க முடியாது. வெளிர்நிறச் செனகாலஸைத் தனி இனம் என்று சொல்லி விற்பவர்களும் உண்டு. வெளிர்நிறமாவதால் இனம் மாறுவதில்லை.

காற்றை விழுங்குவது கோளாறு அன்று. பிச்சிருக்கு வயிற்றுப் பக்கமாக இரண்டு நுரையீரல்கள் உண்டு. பெரும்பாலான மீன்களில் நீச்சல் பை செய்யும் வேலையை இதில் அவை பார்க்கின்றன. தலையின் உச்சியில், கண்களுக்குப் பின்னால், இரண்டு சிறு துளைகள் இருப்பதை உற்றுப் பார்த்தால் காணலாம். நீர்ப்பரப்பை அந்தத் துளைகள் மட்டும் தொடும்படி மெல்ல உயர்ந்து அவற்றின் வழியாகவும் காற்றை இழுக்கும். அதனால் தொட்டியை விளிம்புவரை நிரப்பி மூடுவது தவறு. நீருக்கும் மூடிக்கும் நடுவே மூன்று நான்கு அங்குலமாவது காற்று இருக்க வேண்டும், அந்தக் காற்று வெளியிலிருந்து புதுப்பிக்கப்படவும் வேண்டும். மதுரையின் மே மாத வெயிலில் நீர் சூடாகி உயிர்வளி குறையும்போது மற்ற மீன்கள் தவிக்கும். பிச்சிர் மேலே வந்து சமாளித்துக்கொள்ளும். ஆனால் மணிக்குப் பலமுறை மேலே வருகிறது என்றால் மீன் கழிவால் நீரில் சேரும் நச்சுகளான அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் சோதித்துப் பார்ப்பது நல்லது. எப்போதாவது வருவது இயல்பு, ஓயாமல் வருவது கோளாறின் அறிகுறி.

மூடியில் வடிகட்டிக் குழாய்க்காக வெட்டிய ஓட்டையையும் கவனியுங்கள். என்னுடைய முதல் செனகாலஸ் இரண்டு விரல் அகலமுள்ள அத்தகைய ஓட்டை வழியாக வெளியேறி, காலையில் சோபாவுக்கு அடியில் தூசியும் முடியும் ஒட்டிக் கிடந்தது. செத்துவிட்டது என்று முறத்தில் அள்ளியபோது வாலை அசைத்தது. தொட்டியில் விட்டதும் அரை மணி நேரம் அடியில் கிடந்துவிட்டு நீந்தத் தொடங்கியது. இன்னும் உயிரோடு இருக்கிறது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் செனகாலஸ் குஞ்சுகளை ஏறத்தாழ எட்டு மாதங்கள் தரையில் வளர்த்து, அவை நடக்கும் விதம் மாறியதை 2014இல் வெளியிட்டார்கள் என்பது உண்மைதான், ஆனால் அது எப்போதும் ஈரம் தெளித்த தளம். நம் வீட்டு மொசைக் தரை அன்று. ஓட்டையைப் பஞ்சு வைத்து அடைத்துவிடுங்கள்.

டெட்ராக்களைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். மிச்சம் நான்கும் இந்த வாரத்துக்குள் போய்விடும். பிச்சிருக்குக் கண்பார்வை மந்தம், அது உண்மை. ஆனால் இரவில் டெட்ராக்கள் அசையாமல் நிற்கும், பிச்சிரோ மூக்கின் நுனியில் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு சிறு குழல்களால் மோப்பம் பிடித்துக்கொண்டே வரும். வாய்க்குள் நுழையும் எதுவும் அதற்கு இரைதான்.

வைகைக்கரை (மதுரை) எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. சொன்னபடியே நேற்றிரவு செய்து பார்த்தேன். இறால் வாசனை பரவியதும் மீன் தரையை முகர்ந்துகொண்டே வந்தது. துண்டுக்கு அரை அங்குலம் தள்ளி இரண்டு முறை கடந்து போய்விட்டு, மூன்றாவது முறைதான் திரும்பி வந்து கவ்வியது. அதற்குள் எண்ணிவிட்டேன்: முன்னால் இரண்டை நான் முதலில் தவறவிட்டிருக்கிறேன், மொத்தம் பத்து. எண்ட்லிசெரிக்காரன் அவர்கள் எச்சரித்ததுபோலவே எண்ணிக்கை இரண்டு பக்கமும் சாயாமல் நின்றுவிட்டது. வாங்கிய அன்று பையில் எடுத்த படம் ஒன்றைத் தேடிப் பிடித்தேன். கோடுகள் ஐயமின்றி நீளவாக்கில்தான் இருக்கின்றன. மேல்தாடை சற்று முன்னே இருக்கிறது. ஆகவே செனகாலஸ் என்று ஏற்றுக்கொள்கிறேன். விலை விஷயத்தில் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகும் எண்ணம் இல்லை.

இனிச் செய்ய வேண்டியதைப் பற்றிக் கேட்கிறேன். தொட்டியை எவ்வளவு பெரிதாக மாற்ற வேண்டும்? கூழாங்கல் பரவாயில்லையா? இப்போதைக்கு ரத்தப்புழுவும் டியூபிஃபெக்ஸ் புழுவும்தான் கொடுக்கிறேன், அது போதுமா? இரண்டு நாள்களாக மீனின் முதுகில், வாலுக்கு முன்னால், ஒரு வெளிறிய தழும்பு தெரிகிறது. அது எதனால் என்று புரியவில்லை.

எண்ட்லிசெரிக்காரன் (கோயம்புத்தூர்) எழுதியது:

தழும்பிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதுதான் அவசரம். குற்றவாளி சக்கர் மீனாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பிச்சிரின் செதில்கள் சாதாரண மீனின் செதில்கள் போன்றவை அல்ல. சாய்சதுர வடிவில், பளபளப்பான கடினப் பூச்சோடு, ஒன்றோடொன்று கொளுவிக்கொண்டு ஒரு கவசம்போல் அமைந்தவை. கையில் எடுத்தால் மீனைத் தொட்ட உணர்வே வராது, மெருகேற்றிய மரக்கட்டையைத் தொட்டதுபோல் இருக்கும். ஆனால் அந்தக் கவசத்தின் மேலுள்ள வழவழப்பை, இரவில் பிச்சிர் அசையாமல் கிடக்கும்போது சக்கர் ஒட்டிக்கொண்டு சுரண்டித் தின்னப் பழகிவிடும். பழகிய சக்கர் அதை விடாது. இன்றே பிரித்துவிடுங்கள். வேண்டாத சக்கர் மீனைக் குளத்திலோ கால்வாயிலோ வைகையிலோ விட்டுவிடாதீர்கள். நம் நாட்டின் பல நீர்நிலைகளில் இந்த மீன் பெருகி வலைகளைக் கிழிக்கும் தொல்லையாக மாறியதற்கு, தொட்டியில் பெரிதாகிப் போனதை வெளியே கொட்டியதும் ஒரு காரணம். கடையில் திருப்பிக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள்.

தழும்புக்கு மருந்து எதுவும் வேண்டாம். மூன்று நாளுக்கு ஒருமுறை கால் பங்குத் தண்ணீரை மாற்றிக்கொண்டு வந்தால் தானாக ஆறும். மாநகராட்சிக் குழாய் நீர் என்றால் குளோரின் போக ஒரு நாள் திறந்த வாளியில் வைத்திருந்து ஊற்றுங்கள். செம்பு கலந்த மருந்துகளைப் பிச்சிர் தாங்காது என்பது என் அனுபவம். வலையில் பிடிக்காதீர்கள், சிறுதுடுப்பு முள்கள் வலைக்கண்ணில் மாட்டிக்கொள்ளும். ஒரு பிளாஸ்டிக் டப்பாவை நீருக்குள் இறக்கி அதற்குள் ஓட்டிவிடுவதே நல்லது.

தொட்டி 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம் இருக்க வேண்டும். உயரம் ஒன்றரை அடிக்கு மேல் தேவையில்லை, சொல்லப்போனால் வேண்டாம்; இது தரையில் ஊர்ந்து வாழும் மீன், காற்றுக்காகக் கீழிருந்து மேலே ஏறி இறங்குவது அதற்கு அலைச்சல். பலரும் உயரமான தொட்டியை அழகென்று வாங்கிவிட்டு அகலத்தில் கோட்டை விடுகிறார்கள். இந்த அளவுக்கு ஏறத்தாழ 250 லிட்டர் நீர் பிடிக்கும், அதாவது நீர் மட்டுமே கால் டன் எடை. மேசைமேல் வைக்கும் யோசனை இருந்தால் விட்டுவிட்டு இரும்புத் தாங்கி அடித்துக்கொள்ளுங்கள்.

கூழாங்கல்லை எடுத்துவிட்டு நைஸ் மணல் போடுங்கள். இரையைக் கவ்வும்போது கல்லும் சேர்ந்து வாய்க்குள் போகும், ஓரம் கூரான கல் என்றால் வயிறும் தேயும். ஆற்று மணல் இன்று தங்க விலை விற்கிறது, கிடைத்தாலும் எங்கிருந்து அள்ளியது என்று மனம் உறுத்தும். நீர்வடிகட்டிகளுக்கு விற்கும் சலித்த மணலே போதும், கலங்கல் தெளியும்வரை கழுவிப் போடுங்கள். பகலில் ஒளிந்துகொள்ள ஒரு பிவிசி குழாய்த் துண்டு, அதன் விட்டம் மீன் உள்ளேயே திரும்பும் அளவுக்கு.

தீனியில் டியூபிஃபெக்ஸை நிறுத்திவிடலாம், அது சாக்கடையில் பிடிக்கும் புழு. உப்பு போடாத இறால், கடல்மீன் சதைத் துண்டு, உரம் போடாத மண்ணில் எடுத்த மண்புழு ஆகியவற்றை மாற்றி மாற்றிக் கொடுங்கள். கூடவே மூழ்கும் குருணைத் தீனியையும் பழக்கிவிடுங்கள். பழக்குவதற்குப் பொறுமை வேண்டும், என்னுடையது மூன்று வாரம் முகம் திருப்பியது. உயிரோடு சிறுமீன் வாங்கிப் போடும் வழக்கத்தைத் தொடங்காதீர்கள், நோயை நாமே விலை கொடுத்து வாங்கி உள்ளே விடுவதாகும். 6 அங்குல மீனுக்கு இரண்டு நாளைக்கு ஒருமுறை, அதுவும் விளக்கணைத்த பிறகு, போதும்.

நீலத்தொட்டி (சென்னை) எழுதியது:

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். தழும்பு ஆறாமல், மீன் மணலில் உடலைத் தேய்த்துக்கொண்டு நிலைகொள்ளாமல் திரிந்தால், தோலில் மயிரிழை போன்ற சிறு ஒட்டுண்ணிகள் இருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பிச்சிரையே குறிவைக்கும் மேக்ரோகைரோடாக்டிலஸ் என்ற புழு அது. ஆப்பிரிக்காவிலிருந்து நேரடியாகப் பிடித்து அனுப்பப்படும் மீன்களில்தான் அதிகம் காணப்படுகிறது. பண்ணையில் பிறந்த செனகாலஸில் அரிது. அதற்குப் பிராசிகுவாண்டெல் என்ற புழுக்கொல்லி மருந்தைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் புழுவைக் கண்ணால் பார்க்காமல் மருந்தைக் கையில் எடுக்காதீர்கள்.

ஓராண்டு கழித்து ஆணா பெண்ணா என்று கேட்கத் தோன்றும் என்பதால் அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். வாலுக்கு முன்னால் அடிப்பக்கம் இருக்கும் குதத் துடுப்பைப் பாருங்கள். ஆணுக்கு அது அகன்று, தடித்து, சிறு கரண்டிபோல் இருக்கும். பெண்ணுக்கு ஒடுங்கிக் கூராக இருக்கும். முட்டையிடும்போது ஆண் அந்தத் துடுப்பைக் கிண்ணம்போல் குவித்துப் பெண்ணின் அடியில் ஏந்திக்கொள்ளும். உங்கள் மீனுக்கு இன்னும் அந்த வயது வரவில்லை.

வைகைக்கரை (மதுரை) எழுதியது:

சக்கர் மீனை இன்று காலை இங்குள்ள ஒரு கடையில் கொடுத்துவிட்டேன். நாலடித் தொட்டிக்குக் கண்ணாடிக்காரரிடம் அளவு சொல்லியாயிற்று. மூடியின் குழாய் ஓட்டையை ஸ்பாஞ்ச் வைத்து அடைத்துவிட்டேன். டெட்ரா இப்போது மூன்று.